ஒரு வருட லீவுக்குப் பிறகு ஐசியூ: நேராகப் போவதா, வார்டு வழியாகவா, துணையோடா?

பிரசவ விடுப்பு முடிந்து ஐசியூவுக்குத் திரும்பப் போகும் ஸ்டாஃப் நர்ஸுக்கு, டூட்டியில் சேரும் தேதிக்குப் பத்து நாள் முன்பே தூக்கம் கெட ஆரம்பிக்கும். குழந்தை அழுவது பாதிக் காரணம்தான். மீதி, நடுராத்திரியில் வரும் கேள்விகள்: ரத்த அழுத்தத்தை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்தை எத்தனை மி.லி.யில் கலப்போம்? இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டரில் முதலில் எந்தப் பட்டன்? பல வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை, கேட்டதும் நினைவுக்கு வராது.

தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் மகப்பேறு விடுப்பு 12 மாதம். தனியாரில் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். இதோடு ஈட்டிய விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு என்று ஒட்டிப் போட்டால் ஒன்றரை வருடம் ஆகிவிடுவது புதிதல்ல. அதற்குப் பிறகு எப்படித் திரும்புவது என்பதில் கைவசம் ஐந்து வழிகள் இருக்கின்றன. பழைய யூனிட்டிலேயே முதல் நாள் முதல் முழுப் பொறுப்பு; சில வாரம் ஜெனரல் வார்டு, பிறகு ஐசியூ; ஐசியூவிலேயே இரண்டு வாரம் ஆள் கணக்கில் சேராமல் ஒருவர் துணையோடு நின்று பழகுவது; ஓபிடி (வெளிநோயாளிப் பிரிவு), தொற்றுக் கட்டுப்பாடு, பயிற்சிப் பிரிவு மாதிரி வேறு இடம் கேட்பது; விடுப்பை நீட்டிப்பது.

எது உங்களுக்குச் சரி என்பதை ஒரே கேள்வியில் சோதிக்கலாம். நீங்கள் பயப்படும் அந்த வேலையை, முதல் பத்து ஷிஃப்ட்டுக்குள், பக்கத்தில் ஒருவர் நிற்க, அதிகத் தடவை செய்ய எந்த வழியில் கிடைக்கும்? சுலபமான இடம் எது என்று தேடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான வழியில்தான் போய் நிற்கிறார்கள்.

முதலில், எதுதான் போயிருக்கிறது?

"எல்லாமே மறந்துபோச்சு" என்று சொல்வது எளிது. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் மறப்பதில்லை, அதைச் சரிசெய்யும் வழியும் அதனால் மாறுகிறது.

கை வேலை அதிகம் போவதில்லை. வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) போடுவது, சக்‌ஷன், என்ஜி டியூப், கதீட்டர் எல்லாம் ஆயிரம் தடவை செய்தவை. முதல் இரண்டு மூன்று குத்தல் தவறும். விரலுக்கு நரம்பின் துள்ளல் பிடிபட ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரம் வீங்கிய கையிலும் கீமோ முடிந்த கையிலும் போய் முயலாதீர்கள். முன்கையில் நல்ல நரம்பு உள்ளவருக்கு ரோஸ் நிற 20 அளவு ஊசி, அல்லது அதைவிட மெல்லிய நீல 22. தடித்த பச்சை 18 அடுத்த வாரத்துக்கு.

கணக்கு கொஞ்சம் போயிருக்கும், ஆனால் தாளில் திரும்ப வந்துவிடும். 500 மி.லி. சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 500 × 20 ÷ 240, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. இதைப் பத்துத் தடவை வெவ்வேறு எண்ணோடு போட்டுப் பார்த்தால் கை பழகிவிடும்.

அடிக்கடி செய்யாத அவசர வேலைதான் முதலில் கரையும். சிபிஆர் (நின்ற இதயத்துக்காக மார்பை அழுத்துவது) பயிற்சி பெற்ற சில மாதங்களிலேயே அழுத்தத்தின் ஆழமும் வேகமும் தேய ஆரம்பிக்கின்றன. லீவே போடாதவருக்கும் இது நடக்கிறது. ஆகவே ‘கோட்’ அழைப்பில், அதாவது நோயாளியின் இதயம் நின்றதாக வரும் அவசர அழைப்பில், உங்களுக்கு மட்டும் கை நடுங்கும் என்று நினைக்க வேண்டாம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் பெரியவருக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல் 6ஐத் தாண்டாமல், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றம், அட்ரினலின் 1 மி.கி. 3 முதல் 5 நிமிட இடைவெளியில். எண்கள் இவ்வளவுதான். உடம்புக்கு அது பழக மேனிகின் (பயிற்சிப் பொம்மை) வேண்டும்.

நான்காவது வகையைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்: நீங்கள் இல்லாதபோது மாறியவை. மருந்தைச் சீராக ஏற்றும் புது இன்ஃப்யூஷன் பம்ப், கணினிக்குப் போய்விட்ட கேஸ் ஷீட், மாறிய ஆன்டிபயாட்டிக் கொள்கை. இதில் திணறுவதை மறதி என்று எண்ணித் தன்னையே நொந்துகொள்வார்கள். படிக்காத பாடத்தை மறக்க முடியாதே. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது, அவ்வளவுதான்.

இந்த வகையில் ஒரு கண்ணியும் இருக்கிறது. மறந்துபோனதைவிட, நன்றாக நினைவிருப்பதுதான் சில நேரம் ஆபத்து. லீவில் போகும்போது உங்கள் யூனிட்டில் நோர்அட்ரினலின் 4 மி.கி.யை 50 மி.லி. சிரிஞ்சில் கலந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 360 மைக்ரோகிராம், பம்பில் மணிக்கு 4.5 மி.லி. இப்போது 8 மி.கி. கலக்கிறார்கள். அதே டோஸுக்குப் பம்பில் 2.25. பழைய நினைவில் நம்பிக்கையோடு 4.5 வைத்தால் இரட்டிப்பு டோஸ். ஆம்பூல் லேபிளில் எழுதியிருப்பது பைடார்ட்ரேட் (உப்பு வடிவம்) எடையா, பேஸ் (மருந்து மட்டும்) எடையா என்பதையும் பாருங்கள், 2 மி.கி. பைடார்ட்ரேட்டில் பேஸ் 1 மி.கி.தான். டூட்டியில் சேர்ந்த முதல் நாள் செய்ய வேண்டிய முதல் வேலை, யூனிட்டில் இப்போது ஓடும் கலவை அளவுகளைச் சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்வது. பழைய நோட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

நேராகப் பழைய இடத்துக்கு

விடுப்பு ஆறு மாதத்துக்குள், இன்சார்ஜ் சிஸ்டர் அதே ஆள், கருவிகள் அதே கருவிகள் என்றால் இது கெட்ட வழி அல்ல. வேகமானது, யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இது தவறிப்போவது பெரும்பாலும் சீனியர் என்ற பெயரால். அன்று காலை டூட்டியில் இரண்டு பேர் வரவில்லை. "நீ பழைய ஆளுதானம்மா, ரெண்டு வென்டிலேட்டர் பேஷன்ட்ட எடுத்துக்கோ" என்று ஹேண்டிங் ஓவரில் வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பெண்ணாக இருந்தால் "எனக்குத் தெரியாது சிஸ்டர்" என்று சொல்லிவிடலாம். எட்டு வருட சர்வீஸ் உள்ளவருக்கு அந்த வார்த்தை தொண்டையில் நிற்கும். தெரியாததைக் கேட்காமல் சமாளிக்கும் இடத்தில்தான் தப்பு நடக்கிறது.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் மி.லி.க்கு 40 யூனிட் வயலும் உண்டு, 100 யூனிட்டும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. லீவுக்கு முன் வார்டில் 40 மட்டும்தான் இருந்தது, இப்போது 100 வந்திருக்கிறது. பழைய பழக்கத்தில் சிவப்பு மூடியில் 10 கோடு இழுத்தால் போவது 25 யூனிட். வயலைப் பார்த்தீர்கள், பெயரையும் பார்த்தீர்கள், எண்ணைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் "கொஞ்சம் டபுள் செக் பண்ணிடுங்க" என்று காட்டும் பழக்கம் இருந்தால் இது அங்கேயே நிற்கும்.

நேராகப் போவதுதான் ஒரே வழி என்றால் ஒரு நிபந்தனை மட்டும் கேட்டுவிடுங்கள்: முதல் மூன்று டூட்டி, நிலையாக இருக்கும் ஒரே நோயாளி. ஆள் பற்றாக்குறையிலும் இன்சார்ஜ் கொடுக்கக் கூடிய சலுகை இது.

வார்டு வழியாக

நர்சிங் சூப்பிரண்டெண்ட் தாமாகவே சொல்லும் யோசனை பெரும்பாலும் இதுதான். "மூணு வாரம் மேல் மெடிக்கல் வார்டுல இரு, அப்புறம் ஐசியூ பாத்துக்கலாம்." கேட்க இதமாக இருக்கும்.

வார்டு கொடுப்பது என்ன? கால் பழக்கம், நாள் முழுக்க நிற்கும் தெம்பு, நிறைய வென்ஃப்ளான், மருந்து ரவுண்ட், அட்டெண்டர்களோடு பேசும் நாக்கு. லீவு இரண்டு வருடத்தைத் தாண்டியவருக்கும், அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடம்பு தேற வேண்டியவருக்கும் இவை முக்கியம்.

கொடுக்காதது: நீங்கள் பயப்படுவதை. வார்டில் வென்டிலேட்டர் அலாரம் அடிக்காது, ஆர்டீரியல் லைன் (தமனியில் போடும் குழாய்) கிடையாது, நோர்அட்ரினலின் ஓடாது. மூன்று வாரம் கழித்து ஐசியூ வாசலில் நிற்கும்போது அந்த பயம் விட்ட இடத்திலேயே காத்திருக்கும், மூன்று வாரம் கூடுதலாக வளர்ந்தும் இருக்கும். வார்டு எளிது என்பதும் ஐசியூக்காரர்களின் கற்பனை. ஒரு நர்ஸுக்கு முப்பது படுக்கை, பத்து மணி மருந்து பன்னிரண்டுக்கு முடியும் அவசரம். ஒரு நோயாளியின் ஒவ்வொரு எண்ணையும் பார்த்துப் பழகியவர் அங்கே முதல் நாளே "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று முடிவுகட்டிவிடுவார்.

இன்னொன்று, தேதி. வாய்ச்சொல்லாக வந்த மூன்று வாரம் எட்டு மாதம் ஆகும். வார்டில் ஆள் குறைவு, நீங்கள் நன்றாக வேலை செய்கிறீர்கள், விடமாட்டார்கள். இந்த வழியில் போனால், ஐசியூவுக்குத் திரும்பும் தேதி ரோஸ்டரில் பேனாவால் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இதைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.

துணையோடு இரண்டு வாரம்

ஐசியூவிலேயே இருப்பீர்கள், ஆனால் ரோஸ்டரில் ஆள் கணக்கில் சேரமாட்டீர்கள். ஒரு நர்ஸின் நோயாளியை அவரோடு சேர்ந்து பார்ப்பீர்கள். எங்கள் பரிந்துரை இதுதான்.

காரணத்தை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977லேயே எழுதியிருக்கிறார். ஒரு வேலையை நம்மால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு இடங்களிலிருந்து வருகிறது என்றார்: தானே செய்து முடிப்பது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர் சொல்லும் ஊக்கம், உடம்பின் நிலை. இதில் வலுவானது முதலாவது. வீட்டிலும் ஸ்டாஃப் ரூமிலும் தாராளமாகக் கிடைப்பது மூன்றாவது, "உன்னால முடியும்மா" என்ற வார்த்தை. அது தேநீர் ஆறும் வரை தாங்கும். துணையோடு நிற்கும் இரண்டு வாரத்தில் முதல் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன.

பத்து ஷிஃப்ட்டை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு நாள் நோயாளியைத் தொட வேண்டாம் என்றே சொல்வோம். கலவை அளவுகள், பம்ப், மானிட்டர் அலாரம் எல்லை, கணினிப் பதிவு, க்ராஷ் கார்ட்டில் (அவசர மருந்து, கருவி வைக்கும் வண்டி) எந்த டிராயரில் என்ன. கார்ட்டை ஒரு முறை முழுக்கக் காலி செய்து திரும்ப அடுக்குங்கள். வாசித்துப் படிப்பதைவிட இதில் கை நினைவு வைத்துக்கொள்ளும். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை அவர் செய்ய நீங்கள் பார்ப்பதும், நீங்கள் செய்ய அவர் பார்ப்பதும் மாறி மாறி. ஆறாவது நாள் முதல் நோயாளி உங்களுடையவர், அவர் பின்னால் நிற்பார். எட்டாவது நாள் ஹேண்டிங் ஓவரும் டாக்டர் ரவுண்டில் பேசுவதும் நீங்களே. கடைசி இரண்டு நாள் அவர் பக்கத்துப் படுக்கைக்குப் போய்விட வேண்டும், கூப்பிட்டால் மட்டும் வர வேண்டும்.

ரவுண்டில் பேசுவதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. கை திரும்பிய பிறகும் குரல் திரும்பாது. "சார், பிபி கொஞ்சம் லோவா இருக்கிற மாதிரி" என்று இழுத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "சார், ஐந்தாம் நம்பர் பெட், செப்சிஸ், இரண்டாம் நாள். ஒரு மணி நேரமாக எம்ஏபி 58, யூரின் 15 மி.லி. நோர்அட்ரினலின் 0.1ல் ஓடுது. ஏற்றலாமா, வந்து பார்க்கிறீங்களா?" எம்ஏபி என்பது சராசரி ரத்த அழுத்தம். இந்தப் பேச்சில் யார், என்ன நிலை, என்ன எண், என்ன வேண்டும் நான்கும் இருக்கின்றன. போனை எடுக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துப் படியுங்கள். எழுதிப் படிப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. கேட்கும் டாக்டருக்கு அது தெரியவே தெரியாது.

துணையாக யாரைக் கேட்பது? நெருங்கிய தோழியை வேண்டாம். அவர் உங்களுக்காக வேலையைச் செய்து கொடுத்துவிடுவார். எதற்கெடுத்தாலும் சத்தம் போடும் சீனியரும் வேண்டாம். நீங்கள் லீவில் இருந்த காலம் முழுக்க யூனிட்டில் இருந்த, மூன்று நான்கு வருட அனுபவமுள்ள ஒருவர் சரியானவர். அவர் உங்களை "அக்கா" என்று கூப்பிடுபவராக இருக்கலாம், நீங்களே ஒரு காலத்தில் அவருக்கு லைன் போடக் கற்றுக்கொடுத்திருக்கலாம். அந்தக் கூச்சத்தை முதல் நாளே உடைத்துவிடுவது நல்லது: "நீ பாத்துட்டே இரு, தப்புன்னா உடனே சொல்லு, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." இதைச் சொல்லாவிட்டால் உங்கள் தப்பைப் பார்த்தும் அவர் வாய் திறக்கமாட்டார்.

இந்த வழிக்கும் ஒரு ஓட்டை இருக்கிறது. கணக்கில் சேராத ஆள் என்றால் கூப்பிட்ட குரலுக்கு ஓடும் ஆளாகிவிடுவார். லேபுக்குச் சாம்பிள், பிளட் பேங்குக்கு ஓட்டம், சிடி ஸ்கேனுக்குத் துணை, பக்கத்து யூனிட்டில் ஆள் இல்லை என்று அங்கே. இரண்டு வாரம் இப்படியே கரைந்துபோகும். ஷிஃப்ட் தொடங்கும்போதே இன்று எந்தப் படுக்கை, யாரோடு என்பதை போர்டில் உங்கள் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து ஓட்டத்திலேயே போனால், மூன்றாவது நாள் இன்சார்ஜிடம் கணக்கோடு பேசுங்கள்: பத்தில் எத்தனை ஷிஃப்ட் நோயாளியோடு கிடைத்தது என்று.

இரண்டு வாரம் தர முடியாது என்றால் ஐந்து ஷிஃப்ட்டாவது கேளுங்கள்.

இடம் மாறுவதும் விடுப்பை நீட்டிப்பதும்

ஓபிடியோ பயிற்சிப் பிரிவோ கேட்பதில் தவறில்லை, காரணம் வீட்டில் இருந்தால். நைட் டூட்டிக்குக் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை, கணவர் வெளியூர், மாமியாருக்கு முடியவில்லை என்றால் பகல் நேர வேலை நியாயமான முடிவு. காரணம் பயம் என்றால், அங்கே அது தீராது; ஐசியூ பக்கம் போகவே கூடாது என்று உறைந்துவிடும். இன்னும் இரண்டு வருடத்தில் பதவி உயர்விலோ இடமாற்றத்திலோ அதே வாசலுக்கு வந்து நிற்பீர்கள்.

நீட்டிப்புக்கும் இதே அளவுகோல். குழந்தையின் உடல்நிலை, உங்கள் உடல்நிலை என்றால் யோசிக்காமல் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஒட்டுதல் இல்லை, அழுகை நிற்கவில்லை, குழந்தையிடம் கூட மனம் போகவில்லை என்றால் அது வேலை பயம் அல்ல. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். வெறும் பயத்துக்காக நீட்டிய மூன்று மாதம், மூன்று மாதக் கூடுதல் பயத்தைத்தான் தரும்.

பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் என்ற உயிர்காப்புப் பயிற்சிகள் மேலே சொன்ன எந்த வழிக்கும் மாற்று அல்ல, எல்லாவற்றோடும் சேர வேண்டியது. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கார்டு இரண்டு வருடம்தான் செல்லும், உங்களுடையது காலாவதியாகியிருக்கலாம். சேருவதற்கு முந்தைய மாதத்தில் முடித்துவிட்டால் மேனிகினில் கை வைத்த நினைவு புதிதாக இருக்கும்.

கேட்கும் முறை

சேரும் நாளில் கேட்டால் ரோஸ்டர் போட்டாகிவிட்டிருக்கும். ஒரு மாதம் முன்பே நர்சிங் ஆபீசுக்கு நேரில் போங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பேச்சு குழந்தையைப் பற்றியே முடிந்துவிடும். "பயமா இருக்கு மேடம்" என்று தொடங்கினால் கிடைப்பது ஆறுதல். "பத்து ஷிஃப்ட் டபுளிங் வேணும், ஒருத்தரோட சேர்ந்து நிக்கணும், புது பம்ப்பும் சாஃப்ட்வேரும் நான் பார்த்ததில்ல, பதினோராவது ஷிஃப்ட்ல இருந்து தனியா எடுத்துக்கறேன்" என்றால் கிடைப்பது பதில். மருந்துத் தவறு நடந்தால் கேள்வி அவருக்கும் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

தனியாரில் இருப்பவர்கள் இன்னும் இரண்டைக் கேட்டு வாங்கலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேல் பாலூட்ட இரண்டு இடைவேளை. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், அங்கே நாளுக்கு நான்கு முறை போய்வரும் உரிமை. காப்பகம் காகிதத்தில் மட்டும் இருக்கும் இடங்களில், இடைவேளையை முதல் வாரமே எழுத்தில் வாங்குங்கள்.

இது நம்பிக்கையோடு சம்பந்தமில்லாத விஷயம் போலத் தெரியும். ஆறு மணி நேரம் பால் கட்டிய வலியோடு சிரிஞ்ச் பம்ப் கணக்குப் போட்டுப் பார்த்தவருக்கு அப்படித் தெரியாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எடுத்துவிட்டால் கவனம் நிற்கும். எடுத்த பால் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் நான்கு மணி நேரம், ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள். சென்னை மே மாதத்தில் ஸ்டாஃப் ரூம் 25 டிகிரியில் இருக்காது, பையையே நம்புங்கள். மருந்து ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

முதல் நைட்

எந்த வழியில் திரும்பினாலும் நைட் டூட்டியை நான்காவது வாரத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள். முதல் நைட்டில் கூட இருப்பவர் இருவரும் உங்களைவிடப் புதியவர்களாக இருக்கக் கூடாது. அப்படி ரோஸ்டர் வந்தால் மாற்றிக் கேட்பதில் தயங்க வேண்டாம்.

ஹேண்டிங் ஓவர் முடிந்ததும் உட்காராமல் ஒரு சுற்று. லாரிங்கோஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்த்துக் குழாய் போட உதவும் கருவி) திறந்து பல்பு எரிகிறதா, பிளேடு உறுதியாக நிற்கிறதா, டிஃபிப்ரிலேட்டர் செல்ஃப் டெஸ்ட் ஓடியிருக்கிறதா, பேட்டரி முழுதாக இருக்கிறதா, மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை உள்ளங்கையில் அடைத்து ஓர் அழுத்து, சக்‌ஷன் இழுக்கிறதா, ஆக்ஸிஜன் சிலிண்டரின் சாவி சிலிண்டரிலேயே தொங்குகிறதா. சரியாகப் பத்து நிமிடம். சாவி பல நேரம் வேறு எங்கோதான் இருக்கும்.